முரண் தணிப்புத் திட்டம், மூன்றாம் திருத்தம்

எதைப் பேசாமல் இருக்க வேண்டும் என்று மனிதன் கற்றுக்கொண்ட அன்றுதான் நாகரிகம் பிறந்தது. சுவர் ஈர ஆராய்ச்சிக் கழகத்தின் உறவு முரண் தணிப்புத் திட்டம், மூன்றாம் திருத்தம், இப்படித்தான் தொடங்குகிறது. அமைச்சகத்தில் இந்த வரியைப் படித்த மேலதிகாரி ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார் என்று கேள்வி. எழுதியவள் கழகத்தின் இணக்க அலுவலர், அரசு விதிகளைக் கழகம் கடைப்பிடிக்கிறதா என்று பார்ப்பவள். எழுதிய அன்று அவளுக்குக் கடைவாய்ப்பல் வலி. வாயைத் திறக்க முடியாத கடுப்பில் வந்து விழுந்த வாக்கியம் அது.

கழகம் இலாப நோக்கில்லாதது. இலாபத்துக்கும் அதை நோக்கும் எண்ணம் இருந்ததில்லை. அரசாங்கப் பணத்தை வாங்கி, அரசாங்கக் கட்டடங்களின் சுவர்களில் எவ்வளவு ஈரம் ஊறியிருக்கிறது என்று அளந்து, அரசாங்கத்திடமே சொல்லும். அரசாங்கம் கேட்டுக்கொள்ளும். சுவர் அப்படியே இருக்கும். அளக்கிற கருவிக்கு ஈரமானி என்று பெயர். அதைத் தருவதும் பழுதுபார்ப்பதும் ஓர் ஒப்பந்த நிறுவனம். அந்த நிறுவனத்தின் பட்டறையில் அவள் கணவனுக்கு வேலை.

இதில் யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை, வேறெங்கோ ஒரு கழகத்தில் எலி விவகாரம் வெடிக்கும்வரை. அங்கே ஆராய்ச்சி எலிகளுக்குத் தீவனம் கொடுக்கும் ஒப்பந்தக்காரன் இயக்குநரின் மருமகன். தணிக்கைக்குப் போனவர்கள் கூண்டைத் திறந்து பார்த்தால் எலியும் இல்லை, தீவனமும் இல்லை. பில் மட்டும் கொழுகொழுவென்று இருந்தது. அந்த ஒரு மருமகன் தின்ற உப்புக்கு எல்லாக் கழகங்களும் தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று. இனி அரசு உதவி பெறும் ஒவ்வோர் ஆராய்ச்சிக் கழகமும் தன் ஊழியர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் இடையிலான உறவுகளை, அதாவது உறவு முரண்களை, கண்டறிந்து, அறிவித்து, தணித்து, தணித்ததற்குக் காலாண்டுதோறும் சான்று தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்களிடம் அப்படி உறவே இல்லை என்று எழுதிப்போட்ட கழகங்களுக்கு ஒருவரிப் பதில் போனது: சரியாகத் தேடவும்.

சுவர் ஈரக் கழகத்தின் இயக்குநரும் தேடினார். அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

“உங்க கல்யாணம் நம்ம கழகத்துக்குக் கிடைச்ச வரம்மா,” என்றார் அவளைக் கூப்பிட்டு.

பக்கத்து மேசைக் கணக்கர் தலையைத் தூக்காமலே, “அக்காவுக்கே இன்னும் கிடைக்கலைன்னு நினைச்சேன் சார், நமக்குக் கிடைச்சிடுச்சா,” என்றான். எந்தத் தாளைக் கொடுத்தாலும் இணைப்பு எங்கே என்று அவள் கேட்பதால் அவளுக்கு இணைப்பக்கா என்று பெயர் வைத்தவனும் அவன்தான்.

இயக்குநர் சிரிக்கவில்லை. “நல்ல திட்டமா ஒண்ணு எழுதுங்க. திட்டம் சரியில்லைன்னா ஒப்பந்தம் ரத்து. ரத்தானா முதல்ல வெளிய வர்றது உங்க வீட்டுக்காரர்தான். பட்டறையில கடைசியாச் சேர்ந்தவர் அவர்தானே?”

அவர்தான். அதற்கு முன்னால் அவனுக்கு வேலையில்லாமல் ஒரு நெடுங்காலம் போயிற்று. அப்போது அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களை மடிப்பு மாறாமல் மடிப்பான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பான். மாலையில் அவள் வரும்போது ஜன்னலோரம் ஓர் அழகான அடுக்கு இருக்கும். அந்த அடுக்கை இன்னொரு முறை பார்க்க அவளால் முடியாது. அதனால் திட்டத்தைக் கெட்டியாக எழுதினாள். ஊசி நுழைகிற இடம்கூட வைக்கவில்லை.

கணவனும் மனைவியும் கழகத்தைப் பற்றியோ ஒப்பந்த நிறுவனத்தைப் பற்றியோ பேசலாகாது என்றது முதல் பிரிவு. கருவிகளைப் பற்றிப் பேசலாகாது என்றது இரண்டாவது. கருவிகளால் அளக்கப்படுபவற்றைப் பற்றியும் கூடாது என்றது மூன்றாவது. அளக்கப்படுவது சுவரின் ஈரம். ஆகவே குளியலறைச் சுவரில் ஒரு நாய்க்குட்டி அளவுக்கு ஈரம் கசிந்து, கன்றுக்குட்டி ஆகி, மாடாக வளர்ந்தபோதும் இருவரும் அதைப் பார்த்தபடி பல் துலக்கினார்கள். மழை பெய்தால் ஈரம் வரும் என்பதால் மழையையும் விட்டார்கள். பேருந்து தாமதம் என்றால் அலுவலக நேரம் வரும், அதையும் விட்டார்கள். இன்னிக்கு ரொம்ப அலுப்பு என்று ஒருநாள் அவன் தொடங்கினான். அலுப்புக்குக் காரணம் வேலை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைக்க, அவன் வாயை மூடிக்கொண்டான். மிஞ்சியது உப்பு, காய்கறி, அவன் அம்மாவின் முழங்கால். முழங்கால் வலியிலும் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? அது வலித்தது.

மாமியாரையும் சேர்த்தது இரண்டாம் திருத்தம். நேரடியாகவோ இன்னொருவர் வழியாகவோ என்று உத்தரவில் இருந்ததால், வீட்டில் இருந்த ஒரே இன்னொருவரிடம் அவள் கையெழுத்து வாங்கினாள்.

“எதுக்கும்மா இது?”

“நீங்க அவரைப் பத்தி என்கிட்டயோ, என்னைப் பத்தி அவர்கிட்டயோ வேலை விஷயம் எதுவும் சொல்லக் கூடாது அத்தை. சொன்னா அவருக்கு வேலை போயிடும்.”

“மாமியார் வாயைக் கட்டுறதுக்கு மருமகளுங்க என்னென்னவோ பண்ணிப் பாத்திருக்காளுக. அரசாங்க முத்திரையோட வந்தவ நீதான்,” என்று சொல்லிவிட்டு மாமியார் கையெழுத்துப் போட்டாள்.

மூன்றாம் திருத்தத்தில் ஒன்பதாம் பிரிவு வந்தது. ஒப்பந்த நிறுவனத்தில் ஆள் சேர்ப்பு, நீக்கம், விலகல் எதுவானாலும் துணைவரிடம் சொல்லலாகாது; இயக்குநரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும்; உரியவருக்கு உரிய நேரத்தில் தெரிவிப்பது இயக்குநரின் பொறுப்பு. பல்வலியோடு எழுதிய திருத்தம் இதுதான்.

முதலில் சில மாதங்கள் பேசக் கூடாது என்பது நினைவிருந்தது. பிறகு அதை நினைவில் வைக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. வீடு நன்றாக எண்ணெய் போட்ட கதவு மாதிரி சத்தமில்லாமல் திறந்து மூடியது. காலாண்டு தவறாமல் அவள் சான்று எழுதினாள்: உறவு நீடிக்கிறது, தகவல் பரிமாற்றம் இல்லை, நிலைமையில் மாற்றமில்லை.

வெயில் காலத்தில் அமைச்சகத்திலிருந்து மேற்பார்வையாளர் வந்தார். கழகத்தின் திட்டத்தை மாதிரித் திட்டமாக அறிவிக்கலாமா என்று பார்க்க வந்த ஆய்வு. இயக்குநர் புதுச்சட்டை போட்டிருந்தார். விலைச்சீட்டின் நூல் காலரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஈரத்தைப் பற்றிய ஆய்வேடுகளைத் தூக்கிப் போய் மாடியில் அடுக்கிவிட்டு, சான்றுகளைக் கண்ணாடி அலமாரிக்குள் வைக்கச் சொல்லியிருந்தார்.

மேற்பார்வையாளர் தொப்பையும் இருமலுமாக இருந்த ஒரு களைத்த மனிதர். சான்றுகளைப் புரட்டினார். அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“இதெல்லாம் நிஜமாவே கடைப்பிடிக்கிறீங்களா?”

“ஆமாங்க.”

“எதுவுமே பேசறதில்ல?”

“உப்பு பத்திப் பேசுவோம்.”

“உப்பு பத்தி என்ன பேசுவீங்க?”

அவள் யோசித்தாள். “கம்மியா இருந்தா, கம்மின்னு.”

மேற்பார்வையாளர் அதை எழுதிக்கொண்டார். “காகிதத்துல எல்லாரும் ஊமைதாம்மா. நேர்ல பாக்கணும். சாயங்காலம் உங்க வீட்டுக்கு வர்றேன்.”

இயக்குநர் எழுந்தேவிட்டார். “வீட்டுக்கு எதுக்கு சார்? சின்ன வீடு. அவங்க மாமியாருக்கு வேற முழங்கால்...”

“முழங்காலை நான் ஆய்வு பண்ணப் போறதில்ல.”

இயக்குநரின் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது என்று அவளுக்குப் புரியவில்லை. பாராட்டு கைநழுவிவிடுமோ என்ற பயம் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு வேறு கவலை. மாமியார் ஒரு வார்த்தை தவறி விட்டால் போதும். திட்டம் ஓட்டை என்று எழுதிவிடுவார். ஒப்பந்தம் போகும், பட்டறை போகும், ஜன்னலோரம் செய்தித்தாள் அடுக்கு வளரும்.

மேற்பார்வையாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார். மூவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். கணவன் அப்போதுதான் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.

“நான் இல்லாத மாதிரி இருங்க,” என்றார் அவர்.

“எப்படிப்பா இருக்கிறது? பாதி மேசையை உங்க வயிறே எடுத்துக்கிச்சே,” என்றாள் மாமியார்.

அவர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டார். அவர்கள் சாப்பிட்டார்கள். கரண்டி தட்டில் படும் ஓசை கேட்டது. கணவன் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தான், அவள் நகர்த்தினாள். அவன் குடித்தான். மேற்பார்வையாளரின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. பல கழகங்களில் பல தம்பதிகளைப் பார்த்தவர். அங்கெல்லாம் அவர் எதிரில் வாயை மூடியிருந்தார்கள், கண்கள் பேசிக்கொண்டிருந்தன. இங்கே கண்ணிலும் ஒன்றுமில்லை. அவர் மனத்துக்குள் மதிப்பெண் போடுவது முகத்தில் தெரிந்தது.

மை பட்ட கையைக் கழுவப் போன மேற்பார்வையாளர் குளியலறைச் சுவரைப் பார்த்துவிட்டார். “இது ஈரமா?”

கணவன் கூரையைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

“பாத்தா தெரியலையா?” என்றாள் மாமியார். “இதுங்க ரெண்டும் அதுக்குச் சொந்தக்காரங்களே இல்லைங்கிற மாதிரி நிக்கும். நீங்களாவது சொல்லுங்க.”

“அற்புதம்,” என்றார் மேற்பார்வையாளர் மெதுவாக. ஈரத்தைச் சொல்லவில்லை. பிறகு கணவனிடம் திரும்பினார். “உங்ககிட்ட சில கேள்வி இருக்கு. அவங்க காதுல விழக் கூடாது.”

அவள் தானாகவே எழுந்து சமையலறைக்குப் போனாள். நடுவில் இருந்தது பலகைத் தடுப்பு, ஒன்றைச் சொன்னால் இரண்டாகக் கேட்கும். அதனால் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தில் அவர்கள் குரல் முணுமுணுப்பாகக் கரைந்தது. தன் நேர்மையில் அவளுக்குச் சின்னத் திருப்திகூட வந்தது, பல வாரங்களாக வராத ஒன்று.

மாமியார் காலை இழுத்துக்கொண்டு வந்தாள். “தண்ணியை இப்படியா வீணாக்குவ?” என்று குழாயை மூடினாள்.

“...நான் இப்ப அங்க இல்லைங்க,” என்றது கணவனின் குரல், காதருகில் சொன்ன மாதிரி. “மழைக்காலத்துலயே விட்டுட்டேன்.”

“வேலையை விட்டுட்டீங்களா? ஏன்?”

“இவகூடப் பேசலாம்னுதான்.”

பேனா நின்றது. “பேசினீங்களா?”

“அது எப்படிங்க? விலகினதைச் சொல்லக் கூடாதே. ஒன்பதாம் பிரிவு. இயக்குநர்கிட்ட நேர்ல போய்ச் சொன்னேன். ரொம்ப சந்தோஷம், உரிய நேரத்துல அவங்களுக்குத் தெரிவிக்கிறேன்னாரு. உரிய நேரம் இன்னும் வரலபோல.”

“நீங்களா சொல்லணும்னு தோணலையா?”

“தோணுச்சு. சொல்லி, அது தப்பாயி, அவ வேலை போச்சுன்னா? ராப்பகலா உக்காந்து எழுதினதுங்க அது.”

பேனா மறுபடி ஓடியது.

சமையலறையில் அவள் கையில் ஒரு தட்டு இருந்தது. முதலில் தோன்றியது, கடைசியாகக் கொடுத்த சான்றுகள் தவறு, திருத்தச் சான்று அனுப்ப வேண்டும் என்பது. இரண்டாவதாகத் தோன்ற வேண்டியது தோன்றட்டும் என்று காத்து நின்றாள். தோன்றவில்லை. தட்டைத் துடைத்து வைத்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா அத்தை?”

“எனக்கென்ன, தெருவுக்கே தெரியும். பம்பு மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போறான். சட்டையெல்லாம் கிரீஸ். துவைக்கிறவ நீ, உனக்குத் தெரிய வேண்டாமா?”

கிரீஸை அவள் பார்த்திருந்தாள். ஈரமானிக்கு எதற்கு இவ்வளவு கிரீஸ் என்று ஒருமுறை நினைத்ததும் உண்டு. கருவிகளைப் பற்றியது, இரண்டாம் பிரிவு என்று விட்டுவிட்டாள்.

“ஏன் சொல்லல?”

“வாயைத் திறந்தா என் புள்ளைக்கு வேலை போயிடும்னு கையெழுத்து வாங்கினது யாரு?”

“அந்த வேலைதான் இல்லையே.”

“அதைச் சொல்றதுக்கும் வாயைத்தானே திறக்கணும்?” என்றாள் மாமியார்.

மேற்பார்வையாளர் கிளம்பும்போது வாசல்வரை வந்த அவளிடம் தணிந்த குரலில் சொன்னார்: “நான் பாத்ததிலேயே சுத்தமான திட்டம் இதுதாம்மா. முரணே இல்லாமப் போன பிறகும் தணிஞ்சுகிட்டே இருக்கு. ஆனா ஒரு சிக்கல். ஒப்பந்தக்காரர்கிட்டேருந்து விலகினதும் அரை வருஷம் ஆறப்போடும் காலம்னு ஒண்ணு உண்டு. அதுவரைக்கும் பேசக் கூடாது. எந்தத் தேதியிலேருந்து கணக்குன்னு உங்க கழகம்தான் எழுதித் தரணும். அவர் விலகின நாள்னா, முடிஞ்சுபோச்சு. உங்களுக்குத் தெரிஞ்ச நாள்னா...” கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னிக்கு ஆரம்பம்.”

அன்று இரவு கணவனும் மனைவியும் எதுவும் பேசவில்லை. இன்னும் தேதி முடிவாகவில்லை.

மறுநாள் காலை அவள் இயக்குநர் அறைக்கு இரண்டு தாள்களோடு போனாள். கோபமாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் முயன்று பார்த்திருந்தாள். கோபம் பேருந்தில் ஏறவில்லை.

இயக்குநர் முந்திக்கொண்டார். “சொல்லியிருக்கலாம்தாம்மா. இல்லேங்கல. ஆனா சொன்னா முரண் முடிஞ்சிடும். முரண் இல்லைன்னா திட்டம் எதுக்கு? திட்டம் இல்லைன்னா நம்மகிட்ட வேற என்னம்மா இருக்கு? ஈரம்தானே இருக்கு?” அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. “நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தானே இருந்தீங்க. சண்டைகூட இல்லைன்னு கேள்விப்பட்டேன்.”

“கையெழுத்து வேணும் சார்,” என்றாள் அவள். “இது, அவர் விலகின நாளிலேருந்து கணக்கு. இது, எனக்குத் தெரிஞ்ச நாளிலேருந்து. இதுக்கு, ஏன் தாமதமாத் தெரிவிக்கப்பட்டதுன்னு நீங்க விளக்கம் எழுதி இணைக்கணும்.”

“இணைப்பா?”

“ஆமா சார்.”

கணக்கர் வெளியிலிருந்து ஓர் இருமல் இருமினான். இயக்குநர் விளக்கம் கேட்காத தாளைத் தன் பக்கம் இழுத்து, நல்ல பேனாவைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

“வாழ்த்துக்கள் இணைப்பக்கா,” என்றான் கணக்கர், அவள் மேசைக்குத் திரும்பியதும். “இனிமே வீட்டுக்காரர்கூடப் பேசலாம். அனுபவிங்க. என் பொண்டாட்டிக்கும் இப்படி ஒரு திட்டம் கிடைக்குமான்னு நான் தேடிகிட்டு இருக்கேன்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு வந்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முத்திரை மையின் மூடியைத் திறந்து மூடினாள்.

திட்டம் முடிந்ததாக அமைச்சகம் பதிவு செய்துகொண்டது. மாதிரித் திட்டமாகவும் அதை அறிவித்தது. இரண்டையும் செய்தவை அமைச்சகத்தின் வேறு வேறு பிரிவுகள் என்பதால் ஒன்றுக்கு மற்றது தெரியாது. எல்லாக் கழகங்களுக்கும் பிரதி போனது. எங்கெங்கோ, முன்பின் தெரியாத வீடுகளில், முன்பின் தெரியாத கணவன்மாரும் மனைவிமாரும் நாகரிகம் பிறந்த கதையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். இயக்குநர் பாராட்டுப் பத்திரத்தைச் சட்டம் போட்டுத் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். அந்தச் சுவரில் ஈரம் இருந்ததால் ஆணி நிற்கவில்லை. மேசைமேல் சாய்த்து வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சாப்பாட்டுக்குப் பிறகு, மாமியார் முழங்காலை ஒரு சாக்காகச் சொல்லிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அவனும் அவளும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். வெயில் தரையில் கிடந்தது. எங்கே தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

“உப்பு சரியா இருந்துச்சா?” என்றாள் அவள்.

“இருந்துச்சு.” அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “அந்தப் பட்டறை இருக்கில்ல...” என்று நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். பேசலாம்.

அவன் பேசினான். பட்டறையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து தொடங்கினான். அளக்கும் முள் ஏன் நடுங்குகிறது என்று சொன்னான். அங்கே வேலையை மேற்பார்வை பார்த்தவன் எப்படி நடப்பான் என்று தோளைச் சாய்த்துக் காட்டினான். குளியலறைச் சுவரில் முதல் கறை வந்த அன்றே குழாய் எந்த இடத்தில் வெடித்திருக்கும் என்று தனக்குத் தெரியும் என்றான். வேலையை விட்ட நாள் மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்ததையும், அவள் கதவைத் திறந்து துண்டை நீட்டியதையும், சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்ததையும் சொன்னான். இவ்வளவு பேசி அவனுக்கே பழக்கம் விட்டுப்போயிருந்ததால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் பேசினான். மோட்டார் கடைக்கு வந்து சேர்ந்தபோதுதான் திரும்பிப் பார்த்தான்.

அவள் எப்போதோ தூங்கிப்போயிருந்தாள். குறட்டையும் விட்டாள்.